மணலில் ஓடும் பகிக்கு டெப் மீட்டர்: வயர் முதல் திரை வரை முழு வேலையும்

மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்சவீட்டைத் தாண்டி முகத்துவாரப் பக்கம் என் பகியை, அதாவது மணலில் ஓடும் திறந்த வண்டியை, ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை வெயில். மீட்டராக முன்னால் பூட்டியிருந்த டெப்பில் (டேப்லட்) எஞ்சின் சூடு 91, 88, 84 என்று இறங்கியது. கடல்காற்று ரேடியேட்டரில் நன்றாகப் படுகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இரண்டு நிமிடம் போகவில்லை, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் கீழ் ஹோஸின் கிளிப் கழன்று, ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சென்சர் வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டு, தான் இருந்த இடத்தின் சூட்டைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எஞ்சினின் மேல் பாகமான ஹெட் வெந்துகொண்டிருந்தது அதற்குத் தெரிய வழியில்லை.

கேஸ்கெட் மாற்றித் தந்த கராஜ் மாமா சொன்னார்: "மனே, சூடு இறங்குதெண்டா சந்தோசப்படாத. ஏன் இறங்குதெண்டு கேள்." அதற்குப் பிறகு முழு வயரிங்கையும் பிரித்துப் புதிதாகச் செய்தேன். டெப்பை மீட்டராக்கும் வேலையைப் பலர் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். திரை கடைசி வேலை. எதை அளக்கிறோம், எங்கே அளக்கிறோம், ஆபத்து வந்தால் ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஒழுங்கும் அப்படித்தான்.

முதலில் உங்கள் எஞ்சின் எது என்று பாருங்கள்

என் பகியில் இருப்பது மாருதி 800 இன் பழைய எஞ்சின். 796 சிசி, மூன்று சிலிண்டர், காபரேட்டர். கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் இல்லாததால் எல்லா அளவையும் நாமே எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அப்படிப்பட்ட எஞ்சினுக்குத்தான்.

உங்களுடையது இன்ஜெக்சன் எஞ்சின் என்றால், எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி சொக்கட்டில் ஒரு இஎல்எம்327 புளூடூத் துண்டைச் செருகி, டோர்க் அல்லது ரியல்டேஷ் செயலியைப் போட்டாலே ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), தண்ணிச் சூடு, வேகம் வந்துவிடும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த பழைய எஞ்சின்களில் சொக்கட் பொருந்தினாலும் பேச்சு பொருந்தாமல் போவதுண்டு. மற்றது, ஒயில் அழுத்தம் ஓபிடியின் பொது அளவுகளில் இல்லவே இல்லை. எஞ்சினைக் காப்பாற்றும் முதல் அளவே அதுதான். ஆகவே இன்ஜெக்சன்காரர்களும் கீழே உள்ள ஒயில் சென்சர் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

டெப்: சூடும் வெயிலும்

7 அல்லது 8 அங்குல டெப் போதும். 10 அங்குலம் போட்டால் முன் சில்லுக்கு அருகே உள்ள மணலை மறைக்கும். மணலில் ஓடும்போது அந்தத் துண்டுதான் நமக்கு வேண்டும்.

நம் பக்கத்தில் டெப்பைக் கொல்வது சூடு. லித்தியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நேர் வெயிலில் கறுப்பு முதுகோடு நிற்கும் டெப் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். முதலில் சார்ஜ் நிற்கும், பிறகு வெளிச்சம் தானாகக் குறையும், பிறகு அணைந்துவிடும். பற்றரியைக் கழற்றக்கூடிய, தூசியும் தண்ணீரும் புகாத வகை கிடைத்தால் எடுங்கள். சாம்சங்கின் டெப் அக்டிவ் வரிசை அப்படிப்பட்டது, பழையது என்றாலும் பரவாயில்லை. சாதாரண டெப் என்றால் சார்ஜை 80 அல்லது 85 வீதத்தோடு நிறுத்தும் செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டுவதற்கு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு எடுத்து, டெப்பின் முதுகுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள். காற்று அதற்குள்ளால் ஓட வேண்டும். தகட்டை சேஸில் நேராக முடுக்காமல், நான்கு மூலையிலும் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் ரப்பர் புஷ் வைத்து முடுக்குங்கள்.

அடுத்தது வெயில் மறைப்பு. நம் கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து, பின்னேரம் மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து. கரையோரமாக ஓடும் வண்டிக்கு வெயில் மேலிருந்து அடிப்பதைவிடப் பக்கவாட்டில் அடிப்பதே அதிகம். ஆகவே மேல் கூரை மட்டும் போட்டால் பிரயோசனமில்லை. இரண்டு பக்கமும் குதிரைக்குக் கட்டுவதுபோல மறைப்பு வேண்டும். நான் பழைய லாரி டியூப் ரப்பரை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிப் போட்டிருக்கிறேன். தலை முட்டினாலும் வெட்டாது. திரைக்கு மினுங்காத மேட் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். போலரைஸ்ட் கண்ணாடி போடுபவர் என்றால் டெப்பைப் பூட்ட முன் அதைப் போட்டுக்கொண்டு நெடுக்காகவும் படுக்கையாகவும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் திரை முழுக் கறுப்பாகத் தெரியலாம்.

கரன்ட்

பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் பியூஸ். பிறகு சாவியோடு சேர்ந்து வேலை செய்யும் ரிலே (கரன்ட்டால் இயங்கும் சுவிச்). அதற்குப் பிறகு இரண்டு தனிக் கிளை: ஒன்று டெப்புக்கு, மற்றது சென்சர் பெட்டிக்கு. இரண்டையும் பற்றரியின் 12 வோல்ட்டை 5 ஆக்கும் ஒரே மாற்றியில் தொங்கவிட்டால், டெப் கூடுதலாக இழுக்கும்போதெல்லாம் சென்சரின் அளவு ஆடும்.

எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நிற்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9 வரை இறங்கும். எங்காவது ஒரு டெர்மினல் தளர்ந்து ஆடினால் அதைவிடப் பல மடங்கு துள்ளும். ஆகவே மாற்றிக்கு முன்னால் இந்தத் துள்ளலைத் தடுக்கும் 24 வோல்ட் டீவிஎஸ் டயோட் ஒன்றைக் குறுக்கே போடுங்கள், விலை மிகக் குறைவு. எல்எம்2596 மாற்றிப் போர்டில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 2க்கு மேல் கேட்டால் கை வைக்க முடியாதபடி சூடேறும். சென்சர் பெட்டிக்கு அது தாராளம். டெப்புக்கு மூடி உள்ள நல்ல யூஎஸ்பி கார் சார்ஜர் சொக்கட் ஒன்றை வாங்கிவிடுங்கள். கேபிளை வெட்டி வெறும் 5 வோல்ட் கொடுத்தால் பல டெப்புகள் அரை ஆம்பியருக்கு மேல் எடுக்காது, ஓட ஓடப் பற்றரி இறங்கும்.

காந்தத்தால் ஒட்டும் சார்ஜ் கேபிள் வேண்டவே வேண்டாம். திருக்கோவில் பக்கக் கரையில் ஓடியவர்களுக்குக் கருமணல் தெரியும். காந்தத்தைக் கீழே காட்டினால் மீசை முளைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். கேபிளின் முனையிலும் அப்படித்தான் ஒட்டும். முனை மடங்கிய சாதாரண கேபிளைப் போட்டு, டெப்பிலிருந்து நான்கு விரல் தூரத்தில் தகட்டோடு கட்டிவிடுங்கள். ஆட்டம் சொக்கட்டுக்குப் போகக்கூடாது.

சென்சர்கள்: முழு வேலையும் இங்கேதான்

எஞ்சின் பின்னால், ஓட்டுபவர் முன்னால். ஒவ்வொரு சென்சருக்கும் இரண்டரை மீட்டர் வயரை முன்னுக்கு இழுத்தால் ஸ்பார்க் வயரின் இரைச்சல் எல்லாம் அதில் ஏறும். அதனால் சென்சர் பெட்டியைச் சீட்டுக்குப் பின்னாலேயே வைத்து, அளவுகளை புளூடூத்தில் டெப்புக்கு அனுப்புகிறேன். பெட்டிக்குள் ஈஎஸ்பி32 போர்ட், சென்சர்களை வாசித்து அனுப்பும் சின்னக் கம்ப்யூட்டர். வாங்கும்போது பழைய சாதாரண ஈஎஸ்பி32 தானா என்று பாருங்கள். எஸ்3, சி3 வகைகளில் பழைய புளூடூத் இல்லை, குறைந்த கரன்ட்டில் ஓடும் பிஎல்ஈ வகை மட்டுந்தான். அளவு எடுக்க 32 முதல் 39 வரை உள்ள பின்களில் போர்டில் வெளியே வந்திருப்பவற்றைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோபாரட் கண்டென்சர்.

ஒயில் அழுத்தம்: மூன்று வயர் உள்ள, 0 முதல் 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை அளக்கும் 5 வோல்ட் சென்சர் எடுங்கள். அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட், 100 பிஎஸ்ஐயில் 4.5 வோல்ட் தரும். வோல்ட்டில் 0.5ஐக் கழித்து 25ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ. ஈஎஸ்பி32 இன் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 3 வோல்ட்டைத் தாண்டும்போதே பொய் சொல்லத் தொடங்கும். இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாதியாக்கினால் 2.25க்குள் நின்றுவிடும். கணக்கில் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் எஞ்சினையே கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சென்சர்கள் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்க முறை) புரியோடு வரும். சுசுகி போன்ற ஜப்பான் எஞ்சின்களின் ஒயில் சுவிச் துளை அதே அளவான பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் முறை) புரி. ஒன்று அங்குலத்துக்கு 27 புரி, மற்றது 28. கையால் இரண்டு சுற்றுப் பிடிக்கும், பொருந்திவிட்டது என்று தோன்றும். ஸ்பானர் வைத்தால் பிளாக்கின் புரி போய்விடும். பிஎஸ்பிடி ஆண்புரி உள்ள, T வடிவ அடாப்டர் ஒன்றை வாங்கி, ஒரு வாயில் சென்சரையும் மற்ற வாயில் பழைய ஒயில் சுவிச்சையும் போடுங்கள். பழைய சுவிச்சைக் கழற்றி எறிய வேண்டாம். டெப் அணைந்தாலும் ஈஎஸ்பி32 செத்தாலும் அந்தச் சுவிச்சின் சிவப்பு ஒயில் லைட் எரியும். ஆனால் பெரும்பாலும் அது அழுத்தம் ஏறக்குறைய எல்லாம் போன பிறகுதான் எரியும். முன்கூட்டிச் சொல்வது சென்சரின் வேலை, கடைசிக் காவல் சுவிச்சின் வேலை.

தண்ணிச் சூடு: இன்ஜெக்சன் எஞ்சின்களுக்கு வரும் இரண்டு பின் சென்சர் நல்லது. கிரவுண்டையும் தனி வயரில் கொண்டுவரலாம். சூடு ஏற ஏற இதன் ஓம் குறையும். வழமையான ஜப்பான் சென்சர் 20 பாகையில் சுமார் 2,450 ஓம், 80 பாகையில் சுமார் 320 ஓம். 3.3 வோல்ட்டிலிருந்து ஒரு கிலோஓம் வழியாகக் கொடுத்து, நடுவில் அளவெடுங்கள். கடைக்காரர் சொல்லும் அட்டவணையை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து 0, கேத்தல் கொதிக்கும்போது 100, இடையில் தெர்மாமீட்டர் வைத்து 60, 80. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் நாம் கடல்மட்டத்தில் இருக்கிறோம், கொதித்தண்ணீர் நமக்கு 100 தான். நுவரெலியாவில் இதைச் செய்தால் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும்.

ஹெட் சூடு: இதுதான் பாலமீன்மடுவில் என்னிடம் இல்லாமல் போனது. 125 பாகை வரை தாங்கும், வளைய முனை உள்ள 10 கிலோஓம் தேமிஸ்டர் (சூட்டுக்கேற்ப ஓம் மாறும் சென்சர்) ஒன்றை ஹெட்டில் உள்ள ஒரு சிறு போல்ட்டின் கீழ் வைத்து முடுக்குங்கள். ஹெட்டை எஞ்சின் பிளாக்கோடு பிடிக்கும் பெரிய போல்ட்டில் கை வைக்காதீர்கள். வயரிங் தண்ணிச் சென்சர் போலவே. என் வண்டியில் சாதாரண ஓட்டத்தில் ஹெட்டுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் 8 முதல் 12 பாகை. உங்கள் வண்டியில் எவ்வளவு என்று இரண்டு மூன்று நாள் ஓடிப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போனால் ஒன்று இறங்கும், மற்றது ஏறும். அந்த வித்தியாசம் 25ஐத் தாண்டினால் அலாரம். ஒரு சென்சர் தனியாகச் சொல்ல முடியாததை இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும்.

ஆர்பிஎம்: ஸ்பார்க்குக்குக் கரன்ட் தரும் கொயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து எடுக்கிறோம். அங்கே ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் சில நூறு வோல்ட் துள்ளும், ஆகவே நேராகப் போர்டுக்குக் கொண்டுபோனால் அந்த நொடியே எரியும். கொயிலிலிருந்து ஒரு 1என்4007 டயோட், அடுத்து 10 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர், அடுத்து பிசி817 ஒப்டோகப்ளர் (இரண்டு பக்கத்தையும் வயரால் தொடாமல் ஒளியால் இணைக்கும் பாகம்). ஒப்டோவின் உள் எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக இன்னொரு டயோட். மறுபக்கம் ஈஎஸ்பி32. நான்கு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு துடிப்பு, மூன்று சிலிண்டருக்கு ஒன்றரை. ஆகவே என் எஞ்சினில் நொடிக்கு வரும் துடிப்பை 40ஆல் பெருக்குகிறேன். நான்கு சிலிண்டர் என்றால் 30. ஒரு துடிப்பு வந்து 3 மில்லிசெக்கனுக்குள் வரும் அடுத்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். அது கொயிலின் அதிர்வு.

வேகம்: பின் சில்லில் எடுக்காதீர்கள். மணலில் அது சுழலும், வண்டி நிற்கும், மீட்டர் 60 காட்டும். முன் சில்லில் எடுங்கள். காந்தமும் அதை உணரும் ஹோல் சென்சரும் வழமையான முறை. கருமணல் காரணமாக நான் அதை விட்டு, எல்ஜே12ஏ3 என்ற இரும்பை உணரும் சென்சருக்கு மாறினேன். டிஸ்க்கின் உட்புறம் நான்கு பல் உள்ள இரும்புத் தகடு ஒன்று, அதிலிருந்து 3 மில்லிமீட்டர் தூரத்தில் சென்சர். இது 12 வோல்ட்டில் ஓடுவதால் இதற்கும் ஒரு ஒப்டோ வேண்டும். சில்லின் சுற்றளவைக் கணக்கில் பார்க்காமல், மணலுக்குக் காற்றை இறக்கிய பிறகு, ஆள் சீட்டில் இருக்க, சோக் கோடு போட்டுப் பத்துச் சுற்று உருட்டி அளந்து பத்தால் பிரியுங்கள்.

பெற்றோல் மிதவை ஆடிக்கொண்டே இருக்கும், 20 நொடிச் சராசரி எடுத்தால் போதும். பற்றரி வோல்ட்டுக்கு 100 கிலோஓமும் 15 கிலோஓமும் போட்டுப் பிரித்து எடுங்கள்.

டெப்புக்கு அனுப்புவது

யூஎஸ்பி கேபிளில் அனுப்பினால் புளூடூத் எதற்கு என்று கேட்பீர்கள். பல டெப்புகள் யூஎஸ்பியில் இன்னொரு கருவியோடு பேசும்போது சார்ஜ் ஏற்றாது. ஆகவே கேபிள் சார்ஜுக்கு, புளூடூத் பேச்சுக்கு.

அளவுகளைத் திரையில் காட்டுவதும் முன்னே சொன்ன ரியல்டேஷ் செயலிதான். ஒவ்வொரு தடவையும் அது எதிர்பார்க்கும் தரவுப் பொட்டலம் எளிது. ஹெக்ஸில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 44, 33, 22, 11 என்ற நான்கு தொடக்க பைட், பொட்டலத்தின் எண்ணுக்கு நான்கு பைட், அளவுகளுக்கு எட்டு பைட். எண்ணில் சிறிய பைட் முதலில் வரும். ஒரு அளவுக்கு இரண்டு பைட் வைத்தால் ஒரு பொட்டலத்தில் நான்கு அளவு. நமக்கு ஆர்பிஎம், தண்ணி, ஹெட், ஒயில் ஒரு பொட்டலத்தில். வேகம், பெற்றோல், வோல்ட், எண்ணி இன்னொன்றில். நொடிக்குப் பத்துத் தடவை அனுப்புங்கள். எந்த பைட்டில் எது இருக்கிறது என்பதைச் செயலிக்குச் சொல்ல ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு எழுத வேண்டும். மாதிரியைப் பார்த்தால் அரை மணி நேர வேலை.

அந்த "எண்ணி" என்பது நான் சேர்த்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒன்று கூடிக்கொண்டே போகும் எண், திரை மூலையில் சிமிட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும். தொடர்பு அறுந்தால் கடைசி எண்கள் அப்படியே நின்று, எல்லாம் சரிபோலக் காட்டலாம். புள்ளி சிமிட்டவில்லை என்றால் திரையில் உள்ளதெல்லாம் பழைய கதை.

அலாரம் டெப்பில் இருக்கக்கூடாது

ஸ்டியரிங்குக்கு மேலே, மணலைப் பார்க்கும் கண்ணிலேயே படும் இடத்தில் ஒரு பெரிய சிவப்பு எல்இடி லைட். காதுக்குப் பக்கத்தில் 12 வோல்ட் பஸர். இரண்டையும் ஈஎஸ்பி32 நேராக ஒரு ரிலே வழியாக இயக்கட்டும், டெப் இடையில் வரவே வேண்டாம். என் எல்லைகள்: சும்மா ஓடும்போது ஒயில் 10 பிஎஸ்ஐக்குக் கீழ், 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் 25க்குக் கீழ், தண்ணி 105க்கு மேல், ஹெட் 115க்கு மேல், அல்லது நான் முன்னே சொன்ன வித்தியாசம். மேடு பள்ளத்தில் ஒயில் ஒரு கணம் துள்ளும், அதனால் ஒரு நொடி தொடர்ந்து குறைவாக இருந்தால்தான் அலறும்படி வைத்திருக்கிறேன்.

இப்போது திரை

முள் வட்டங்கள் அழகாகத்தான் இருக்கும். துள்ளும் வண்டியில் முள்ளை வாசிக்க முடியாது. ஒயில், ஹெட், தண்ணி என்ற மூன்றும் கட்டை விரல் உயர எண்களாக, வேகம் அதைவிடச் சிறியதாக, ஆர்பிஎம் மேலே ஒரு பட்டையாக இருந்தால் போதும். பெற்றோலும் வோல்ட்டும் கீழே ஒரு வரியில். பகலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வையுங்கள். கறுப்புப் பின்னணி வீட்டுக்குள் அழகு, வெயிலில் அது உங்கள் முகத்தைத்தான் காட்டும்.

டெப்பை விமானப் பயன்முறையில் போட்டு புளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். தானாக வெளிச்சம் மாறுவது, அப்டேட், அறிவிப்புகள் எல்லாம் நிறுத்துங்கள். மேக்ரோட்ராய்ட் போன்ற செயலியில், சார்ஜ் வந்தால் மீட்டரைத் திற, போனால் திரையை அணை என்று எழுதிவிட்டால் சாவியைத் திருப்புவதோடு எல்லாம் நடக்கும். வேறொன்றும் திறக்காதபடி செயலியைத் திரையில் பின் பண்ணிப் பூட்டுங்கள். கடல் நீர்த் துளி திரையில் பட்டால் விரல் பட்டதாக நினைத்து அது கண்டதையும் திறக்கும்.

முதல் ஓட்டம்

வீட்டு முற்றத்திலேயே ஒவ்வொரு சென்சரின் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, திரையும் அலாரமும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். கழன்ற தண்ணிச் சென்சர் "குளிர்" என்று காட்டும், அதையும் தவறு என்று பிடிக்கும்படி எழுதுங்கள். ஒயில் சுவிச்சின் வயரைக் கிரவுண்டில் தொட்டுச் சிவப்பு ஒயில் லைட் எரிகிறதா பாருங்கள். பிறகு 20 நிமிடம் நிறுத்தி ஓட விடுங்கள். ரேடியேட்டர் விசிறி ஏறி இறங்கும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதியாத வண்டியைத் தார் ரோட்டில் ஏற்றாதீர்கள், நாங்கள் சின்ன லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். கரைவலை இழுக்கும் இடத்தில் தூரத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கயிறு மணலுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, அது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு. ஆமை முட்டையிடும் கரைகளில் இரவில் போகவே வேண்டாம்.

ஓடி முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவும்போது சென்சர் பெட்டிக்கு நேரே பைப்பைப் பிடிக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை கனெக்டர்களைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள், சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம் வைத்து மூடுங்கள். போர்டின் மேல் நகப்பூச்சு இரண்டு தடவை பூசினால் உப்புக்காற்று சீக்கிரம் தின்னாது, யூஎஸ்பி வாயில் மட்டும் படாமல் பூசுங்கள். டெப்பைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோங்கள். ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்துவிட்டு வண்டியை மூடுங்கள். கீழ் ஹோஸிலிருந்து தொடங்குங்கள்.